பூட்ஸ் கடிக்காத கால்

சீதாலெட்சுமி பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தையல் கடையில் இருபத்திரண்டு வருடங்களாக ரவிக்கை தைக்கிறாள். கிள்ளானிலிருந்து தினமும் கொமுட்டர் ரயிலில் போய் வருகிறாள். அளவு பார்க்க வருகிற பெண்கள் பொய் சொல்வார்கள் என்பதுதான் அவள் தொழிலில் படித்த முதல் பாடம். "டைட்டா இல்லக்கா, சரியா இருக்கு" என்பாள் ஒருத்தி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டே. சீதா "கையத் தூக்குங்க" என்பாள். கை மேலே போனதும் அக்குளில் துணி இழுக்கும், முகம் சுளிக்கும், உண்மை வெளியே வந்துவிடும். வாய் சொல்வதைக் கேட்டு அவள் ஒரு தையலைக்கூடப் பிரித்ததில்லை. முகத்தைப் பார்த்துத்தான் பிரிப்பாள். அப்படிப்பட்டவளைத்தான் கட்டின புருஷன் இரண்டு மாதம் பூட்ஸ் கடை பூட்ஸ் கடையாக அலைய வைத்தார்.

அவர் பெயர் முகுந்தன். ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு, போன வருடம்தான் திடீரென்று வேலையை விட்டார். நல்ல மனிதர். குடி கிடையாது, கூச்சல் கிடையாது. ஆனால் எதைக் கேட்டாலும் "ஓக்கே லா" என்று ஒரே பதில். சோறு குழைந்தாலும் ஓக்கே, குழம்பில் உப்பே இல்லாவிட்டாலும் ஓக்கே. மகள் வாணிக்கு வேலை கிடைத்தபோதும் ஓக்கே, வீட்டுக்குள் முழங்கால் அளவு வெள்ளம் வந்து சோபா மிதந்தபோதும் ஓக்கே. கல்லில்கூட நார் உரித்துவிடலாம், இந்த மனிதர் வாயிலிருந்து ஒரு குறையை வாங்க முடியாது என்று ரயில் தோழிகளிடம் சொல்லித் தலையில் அடித்துக்கொள்வாள் சீதா.

அவருக்குப் பன்னிரண்டு வருடமாக இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. வீட்டில் பாலும் சீனியும் போடாத தேநீர், தே ஓதான். வெளியே என்ன குடிக்கிறார் என்பது கடவுளுக்கும் தேநீர் ஆற்றுகிற மாமாக் கடைக்காரருக்கும் மட்டுமே தெரியும்.

வேலையை விட்ட கையோடு பழைய டூரிங் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். குரு என்று ஒரு நண்பர். அவர் தலைமையில் கிள்ளான் ஆட்கள் பன்னிரண்டு பேர் கெரிக் மலைச்சாலை வழியாகத் தாய்லாந்தின் பெத்தோங் வரை போவதாகத் திட்டம். அதுவும் நவம்பர் மழையில். முகுந்தனும் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். சீதா தடுக்கவில்லை. முப்பது வருடம் சாமான் தூக்கின மனிதர் நாலு நாள் ஊர் சுற்றட்டும் என்றுதான் நினைத்தாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"எங்க வேணும்னாலும் போங்க. ஆனா ரப்பர் செலிப்பார் மாட்டிக்கிட்டு மோட்டார் ஓட்டுற வேலையெல்லாம் இனிமே நடக்காது. கணுக்கால மூடுற பூட்ஸ், தண்ணி உள்ள போகாத பூட்ஸ். அது இல்லாம இந்த கேட்டத் தாண்டக் கூடாது."

"ஓக்கே லா," என்றார் முகுந்தன்.

அவளுடைய பயத்துக்குக் காரணம் கேரி தீவில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அவளுடைய அண்ணன் கன்னையா. அங்கே தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். அவருக்கும் இனிப்பு நீர். ஆறு வருடத்துக்கு முன்னால் ஈரச் சப்பாத்தோடு இரண்டு நாள் வேலை செய்ததில் விரலிடுக்கில் ஒரு கொப்புளம் வந்தது. கொப்புளம் புண்ணாகி, புண் அழுகி, முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, கடைசியில் முழங்காலுக்குக் கீழே எதுவும் மிஞ்சவில்லை. ஒரு கொப்புளத்துக்கு ஒரு கால் போகும் என்பதைக் கண்ணால் பார்த்தவள் சீதா. முகுந்தனின் காலையும் அப்படித் தூக்கிக் கொடுக்க அவள் தயாராக இல்லை. ஈரம் படக் கூடாது, கடிக்கக் கூடாது, விழுந்தால் கணுக்கால் திரும்பக் கூடாது. இந்த மூன்றும் ஒரே பூட்ஸில் வேண்டும், அவ்வளவுதான்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. வாங்கப் போய்ப் பார்த்தால் தெரியும்.

தண்ணீர் புகாத பூட்ஸ் எல்லாம் உள்ளே இட்லி வேகிற அளவுக்குப் புழுங்கியது. காற்றோட்டமான பூட்ஸில் தண்ணீரும் தாராளமாக ஓடியது. கணுக்காலுக்குக் கவசம் வைத்த பந்தய பூட்ஸைப் போட்டுக்கொண்டு நாலு எட்டு நடக்க முடியவில்லை. நடக்க இலேசாக இருந்ததிலோ கவசம் என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருந்ததே தவிர, சீதா கட்டை விரலால் அழுத்தியதும் பொத்தென்று உள்ளே போனது. இணையத்தில் போற்றி எழுதியிருந்தவர்கள் எல்லாரும் குளிர் நாட்டுக்காரர்கள். வீட்டுக்குள்ளேயே பூட்ஸோடு நடமாடுகிறவர்கள். வாசலில் நின்று கழற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று அவர்களில் ஒருத்தன்கூட எழுதவில்லை. நம் ஆட்கள் வீட்டில் கழற்ற வேண்டும், கோயிலில் கழற்ற வேண்டும், பாதிக் கிளினிக்கிலும் கழற்ற வேண்டும். மூன்று பக்கிள், ஒரு ஸிப், ஒரு ஒட்டுப்பட்டை என்று வைத்திருந்தால், கழற்றி முடிப்பதற்குள் கல்யாண வீட்டில் பந்தியே முடிந்துவிடும்.

இதில் அவளுக்கு உதவ வேண்டியவர் முகுந்தன். கால் அவருடையது. மேரு ரோட்டுக் கடையில் அவரை உட்கார வைத்து ஒவ்வொரு ஜோடியாக மாட்டிப் பார்த்தாள்.

"விரல் முட்டுதா?"

"இல்ல, ஓக்கே."

"குதிகால் தூக்குதா?"

"ஓக்கே லா."

"எது ஓக்கே? தூக்குதா, தூக்கலயா? ஒரு பதில் சொல்லுங்களேன்."

"நல்லாத்தான் இருக்கு சீதா."

நாற்பத்துமூன்றாம் அளவும் நல்லாத்தான் இருந்தது, நாற்பத்துநான்கும் நல்லாத்தான் இருந்தது. கடைக்காரச் சீனர் தெரியாமல் நாற்பத்திரண்டை எடுத்துக் கொடுத்துவிட்டார். முகுந்தன் எழுந்து நின்று தரையில் குத்திக் குத்திக் காலை உள்ளே திணித்து, "இதுவும் ஓக்கே" என்றார். கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஆன்டி, யுவர் ஹஸ்பண்ட் வெரி ஈஸி கஸ்டமர் லா."

"ஈஸியா? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் ரெண்டு நாள் வெச்சுப் பாருங்க தவுக்கே," என்று தமிழிலேயே சொல்லிவிட்டுக் கைப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள் சீதா. அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, அவளுக்கு மனசு ஆறியது.

அடுத்த கடையில் தொழில் தந்திரத்தையும் போட்டுப் பார்த்தாள். படியேறச் சொன்னாள், குந்தச் சொன்னாள், நுனிக்காலில் நிற்கச் சொன்னாள். அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ரவிக்கைக்காரிகளின் முகத்தில் வருகிற சுளிப்பு ஒரு இழைகூட வரவில்லை. பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி நின்றார். வாயும் ஓக்கே, முகமும் ஓக்கே. பதினொரு ஜோடி பூட்ஸும் எப்படி ஒரு மனிதருக்கு ஒரே மாதிரிப் பொருந்தும்? சீக்கிரம் வீட்டுக்குப் போய் டிவி பார்க்க வேண்டும் என்பதற்காகத் தலையாட்டுகிறார் என்று அவள் முடிவு கட்டினாள். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் அவளுக்கு ஓய்வு. அதையும் இவருடைய பாதத்துக்குக் காணிக்கையாக்கிவிட்டு, இந்த மனிதர் அசட்டையாக உட்கார்ந்திருக்கிறாரே என்று எரிச்சல் எரிச்சலாக வந்தது.

"உங்க காலா, என் காலா? ஒரு வாட்டியாவது இங்க கடிக்குதுன்னு சொல்லக் கூடாதா?"

"கடிக்கலயே. கடிக்காதத எப்படி கடிக்குதுன்னு சொல்றது?"

சீதா அன்று அவரோடு பேசவில்லை. அதையும் அவர் ஓக்கே என்று எடுத்துக்கொண்டார்.

எட்டாவது ஞாயிறு, பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கடையில், அவரைக் கேட்பதையே விட்டுவிட்டாள். பூட்ஸுக்குள் முழங்கை வரை கையை விட்டு, ரவிக்கையின் உள் துணியைத் தடவுவது போல ஒவ்வொரு தையலையும் தடவிப் பார்த்தாள். கறுப்பு நிறம், கெண்டைக்கால் வரை உயரம், கணுக்காலில் நிஜமான கெட்டிக் கிண்ணம், உள்ளே தண்ணீர் புகாத துணி, பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே ஸிப். சாயங்காலம் கால் வீங்கும், கெட்டி சாக்ஸும் போட வேண்டும் என்று நாற்பத்துநான்கையே எடுத்தாள்.

வீட்டுக்கு வந்து, துணி அலசுகிற பெரிய பேசினில் தண்ணீர் நிரப்பி, பூட்ஸோடு அவரை இருபது நிமிடம் அதில் நிற்க வைத்தாள். அவர் பேப்பர் படித்துக்கொண்டே நின்றார். வெளியே போயிருந்த வாணி வந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, அப்பாவ ஊற வெச்சிருக்கீங்களா?" என்றாள். சீதா பூட்ஸைக் கழற்றி, சாக்ஸை உருவித் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். காய்ந்திருந்தது. இரண்டு மாதத்தில் அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினாள்.

பெத்தோங் பயணத்துக்கு ஒரு வாரம் இருந்தது. அதற்கு முன் பூட்ஸைப் போட்டுக்கொண்டு கேரி தீவு வரை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடலாம், அண்ணன் வீட்டில் மத்தியானச் சாப்பாடு என்று ஏற்பாடு செய்தாள். முகுந்தன் மோட்டாரில், சீதாவும் வாணியும் பின்னால் காரில். காலையில் கோயிலில் மோட்டாருக்குப் பூசை போட்டார்கள். டயருக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழங்கள் முறைப்படி நசுங்கின. தட்டில் சின்னதாக ஒரு பழம் மிஞ்சியது. வீட்டுக்கு வந்து, அண்ணனுக்குக் கறிக்குழம்பு, தண்ணீர் போத்தல், மழைக்கோட்டு என்று பறந்துகொண்டிருந்த சீதா அந்தப் பழத்தை வாணியிடம் நீட்டினாள்.

"இத பூட்ல வை. வழித்துணையா இருக்கட்டும்."

அவள் சொன்னது காரின் பின்பக்கம் சாமான் வைக்கிற 'பூட்' பெட்டியை. ஆனால் இரண்டு மாதமாக அந்த வீட்டில் பூட் என்றால் ஒன்றே ஒன்றுதான். சாமிப் பழத்தைப் போய்க் காலில் மாட்டுகிற பொருளுக்குள் வைப்பதா என்று வாணிக்கும் ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. டயருக்கு அடியில் வைத்து நசுக்கலாம் என்றால் இதில் வைத்தால் மட்டும் என்ன என்றும் தோன்றியது. அம்மாவிடம் விளக்கம் கேட்டால் கணுக்கால் புராணத்தை இன்னும் அரை மணி நேரம் கேட்க வேண்டி வரும். வலது பூட்ஸுக்குள் பழத்தை உருட்டிவிட்டாள். அப்பா போடும்போது காலில் தட்டும், எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார் என்று நினைத்துக்கொண்டு காரில் போய் உட்கார்ந்தாள்.

முகுந்தன் பூட்ஸை மாட்டினார். வலது கால் முழுதாக உள்ளே போகவில்லை. தரையில் நாலு குத்துக் குத்தித் தள்ளினார். ஸிப்பை இழுத்தார்.

"எப்படி இருக்கு?" என்று காருக்குள்ளிருந்து கத்தினாள் சீதா.

"ஓக்கே!" என்று கையை ஆட்டினார்.

பந்திங் சாலையில் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழையா? வைப்பர் ஓடியும் முன்னால் போகிற மோட்டாரின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. வேறொரு நாளாக இருந்தால் சீதா எல்லாச் சாமியையும் கூப்பிட்டிருப்பாள். அன்றைக்கோ, "நல்லாப் பெய்யட்டும், அந்த பூட்ஸோட வண்டவாளம் தெரிஞ்சிடும்ல" என்று உற்சாகமாக இருந்தாள்.

கன்னையா வாசலில் சக்கர நாற்காலியில் காத்திருந்தார். முகுந்தன் சொட்டச் சொட்ட வந்து படியில் உட்கார்ந்தார்.

"வாங்க மாப்ள. நல்லா நனைஞ்சிட்டீங்க போல?"

"மேலதான் மச்சான். கால்ல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. உங்க தங்கச்சி செலக்‌ஷன்."

சீதாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அண்ணன் கண்ணால் பார்க்கட்டும் என்று தானே குனிந்து வலது பூட்ஸின் ஸிப்பைத் திறந்து, குதிகாலைப் பிடித்து இழுத்தாள். பூட்ஸ் வந்தது. சாக்ஸின் முனை முழுக்க ஈரம்.

"நனைஞ்சிருக்கு!" அவள் குரல் தோட்டம் முழுக்கக் கேட்டிருக்கும். "எட்டு ஞாயித்துக்கெழம! பேசின்ல நிக்க வெச்சுப் பாத்தேன்! அப்ப காஞ்சு கெடந்துச்சு, இப்ப ஒழுகுதா? நாளைக்கே அந்தக் கடைக்குப் போறேன், அவன உண்டு இல்லன்னு பண்றேன். ஒரு சொட்டு இல்லன்னு வேற சொல்றீங்க, சாக்ஸு பிழியுற மாதிரி இருக்கு, இதுவும் ஓக்கேயா உங்களுக்கு?"

திட்டிக்கொண்டே பூட்ஸைக் கவிழ்த்து உதறினாள். சப்பையாகிப் போன எலுமிச்சந்தோல் ஒன்று படியில் விழுந்தது. பின்னாலேயே நாலைந்து விதைகள்.

வாணி வாயைப் பொத்திக்கொண்டாள். "நீங்கதானம்மா பூட்ல வைக்கச் சொன்னீங்க?"

"கார் பூட்லடி!"

கன்னையாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாணியும் சிரித்தாள். முகுந்தனும் கூடச் சேர்ந்து சிரித்தார். சீதாவுக்குச் சிரிப்பதா, மூவரையும் சாத்துவதா என்று தெரியவில்லை. சாமிப் பழத்தைக் காலில் போட்டு மிதித்த பாவம் வேறு. "சிவ சிவா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு சாக்ஸை உருவினாள்.

பெருவிரல் நகம் பாதி பெயர்ந்து தொங்கியது. அதற்குப் பக்கத்தில் தோல் உரிந்து, சதை சிவப்பாகத் தெரிந்தது. இரத்தத்தோடு எலுமிச்சைச் சாறு கலந்து விரலிடுக்கில் வழிந்தது.

முதலில் சிரிப்பை நிறுத்தியவர் கன்னையாதான்.

"எரியலயா?" என்றாள் சீதா.

"என்ன எரியணும்?" என்று முகுந்தன் குனிந்து தன் காலைப் பார்த்தார். அடுத்த வீட்டுக்காரரின் காலைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

சின்னக் கீறலில் எலுமிச்சைச் சாறு பட்டால் ஊரைக் கூட்டுவோம். முழுப் பழத்தை விரலால் நசுக்கிக்கொண்டு, பச்சைப் புண்ணில் அந்தச் சாறு ஊற, இந்த மனிதர் ஒரு மணி நேரம் மழையில் மோட்டார் ஓட்டி வந்திருக்கிறார். அவர் முகம் சுளிக்காதது அசட்டை இல்லை. சுளிக்க அங்கே ஒன்றுமே இல்லை.

"எவ்வளவு நாளா மாப்ள?" என்று கேட்டார் கன்னையா.

"என்ன மச்சான்?"

"என்கிட்ட மறைக்காதீங்க. எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது."

முகுந்தன் தலையைத் துவட்டுகிற சாக்கில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். "ரெண்டு வருசம் இருக்கும். ஃபோர்க்லிஃப்ட்ல பெடல் மேல கால் இருக்கா இல்லயான்னு குனிஞ்சு பாத்தாத்தான் தெரியும். யார் மேலயாவது ஏத்திருவேன்னு பயந்துதான் வேலய விட்டேன்."

"கிளினிக்ல கண்ண மூடச் சொல்லி, உணர்ச்சி இருக்கான்னு கால்ல நூல் மாதிரி ஒண்ண வெச்சுத் தொட்டுப் பாப்பாங்களே?" என்றாள் வாணி.

"பாத்தாங்க. கண்ண லேசாத் தெறந்து வெச்சுக்கிட்டு, தெரியுது தெரியுதுன்னு சொல்லிட்டேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர் முழுக் காலையே மறைத்திருக்கிறார், அதுவும் அந்தக் காலுக்காகக் கடை கடையாக ஏறி இறங்கினவளிடம். சீதா கத்தினாள்.

"அப்ப பதினொரு ஜோடி பூட்ஸ மாட்டிப் பாத்தேனே, நான் யார்கிட்ட கேட்டேன்? மரக்கட்டகிட்டயா கேட்டேன்? விரல் முட்டுதான்னு எத்தன வாட்டி கேட்டேன்! தெரியலன்னு ஒரு வார்த்த சொல்ல வாய் வரலயா?"

"சொன்னா மோட்டார வித்துருவ. வேற ஒண்ணும் இல்ல, கொஞ்சம் மரத்துப் போயிருக்கு, அவ்வளவுதான். தொட்டா தெரியும் லா. பெத்தோங் போயிட்டு வந்து டாக்டர்கிட்ட காட்டுறேன். ஓக்கே?"

சீதா கார்க் கதவைத் திறந்து தண்ணீர் போத்தலை எடுத்து வந்தாள். காலைக் கழுவினாள். சுத்தமான துண்டு ஒன்றைக் கீழே விரித்து அதன்மேல் பாதத்தை வைத்தாள். இவ்வளவு நேரம் கத்தியவள் இப்போது மெதுவாகப் பேசினாள்.

"தொட்டா தெரியுமா?"

"தெரியும்."

"சரி. கண்ண மூடுங்க. நல்லா மூடணும். கிளினிக் மாதிரி இல்ல."

அவர் கண்களை இறுக்கி மூடினார்.

"இப்ப எந்த விரல்?"

"பெருவிரல்."

"இப்ப?"

கொஞ்சம் யோசித்தார். "நடு விரல். லேசா தொடுற."

"இப்ப?"

"சுண்டு விரல். சொன்னேன்ல? ஓக்கேதான்."

வாணி விசும்புகிற சத்தம் கேட்டு முகுந்தன் கண்ணைத் திறந்தார். சீதாவின் இரண்டு கைகளும் அவள் மடியில் இருந்தன. அவள் ஒரு முறைகூட அவரைத் தொடவில்லை.

முகுந்தன் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மழை தகரக் கூரையில் இரைந்துகொண்டிருந்தது.

"வாணி," என்றார் கடைசியில். "குரு அங்கிளுக்கு மெசேஜ் போடு. அப்பா வரலன்னு சொல்லிரு."

பிறகு, இன்னும் பூட்ஸ் கழற்றாத இடது காலை மெல்ல நகர்த்தி சீதாவின் பக்கம் நீட்டினார்.

"இதுலயும் பாரு சீதா. உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியல. பயமா இருக்கு."

சீதா ஸிப்பைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.